பைபிளில் மொழிபெயர்க்காமல் விட்ட 2 வார்த்தைகள்: இரண்டும் உங்கள் வீட்டில் கேட்டவைதான்!

(இருட்டுத் திரை. குரல் மட்டும்.)

"அப்பா..."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அப்போது ஐந்தாறு வயது இருக்கும். நடு ராத்திரியில் விழிப்பு வந்தால் இருட்டைப் பார்த்து இப்படிக் கூப்பிடுவேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து அந்த ஒற்றை ‘ம்’ வரும். பாதித் தூக்கத்தில், தொண்டைக்குள்ளேயே உருளுகிற ‘ம்’. அவர் எழுந்து வர வேண்டாம், விளக்குப் போட வேண்டாம். அந்தச் சத்தம் கேட்டதும் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவேன்.

இதே ‘அப்பா’ பைபிளில் இருக்கிறது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் போட்ட சொல் இல்லை அது. கிரேக்க மூலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது! கடைசி வரை பாருங்கள், இரண்டாவது சொல் இதைவிட ஆச்சரியம்.

(திரை வெளிச்சமாகிறது.)

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இயேசு பேசியது அரமேய மொழி. பைபிளின் புதிய ஏற்பாடு எழுதப்பட்டது கிரேக்க மொழியில். சில சொற்களை மட்டும், அதை எழுதியவர்களில் ஒருவரான மாற்கு முக்கியமாக, இயேசுவின் வாயில் வந்தபடியே விட்டுவைத்தார். சரி, விஷயத்துக்கு வருவோம்.

அரமேயத்தில் ‘அப்பா’ என்றால் அப்பாதான். மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6 என்று மூன்றே இடங்களில் வருகிறது. ‘அப்பா பிதாவே’ என்று தமிழில் படிக்கிறோமே, அதில் ‘பிதாவே’ கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்பு, ‘அப்பா’ அரமேயம். தமிழும் அரமேயமும் உறவு மொழிகள் கிடையாது, ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது. ஆனால் அந்தத் தற்செயல் மேல் எனக்குத் தீராத பிரியம். எத்தனையோ மொழிக்காரர்களுக்கு அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டிய சொல், நமக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே தெரியும்.

அது மழலைச் சொல் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். முழுக்கச் சரியில்லை. வளர்ந்தவர்களும் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படித்தானே? ஐந்து வயதில் கூப்பிட்ட அதே சொல்தான் ஐம்பதிலும்.

இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். அது காலை நேரத்துச் சொல்.

மாற்கு 5-ம் அதிகாரம். யவீரு என்பவரின் மகளுக்கு 12 வயது. இறந்துவிட்டாள் என்று வீடே அழுதுகொண்டிருக்கிறது. இயேசு உள்ளே போய், அவள் கையைப் பிடித்து, ‘தலீத்தாகூமி’ என்கிறார். ஏதோ மந்திரம் போலக் காதில் விழுகிறது, இல்லையா? அர்த்தம் என்ன தெரியுமா? ‘சின்னப் பெண்ணே, எழுந்திரு.’ எந்த வீட்டிலும் விடிந்ததும் கேட்கிற பேச்சு!

எங்கள் அம்மா எழுப்பும்போது முதலில் போர்வைக்குள் கையை விட்டு என் கையைத் தேடுவார். அப்போதுதான் பாத்திரம் கழுவியிருப்பார், விரல்கள் சில்லென்று இருக்கும். கையைப் பிடித்துக்கொண்டு, "எழுந்திரு கண்ணு." அடுத்த பேச்சு சாப்பாடு. இப்போது மாற்கு 5:43-ஐ எடுத்துப் பாருங்கள். இதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றுவிட்டு, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார் இயேசு. செத்துப் பிழைத்த பிள்ளைக்குப் பசிக்கும் என்று அந்த அறையில் அவருக்குத்தான் தோன்றியிருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த வசனத்தில் நின்றுவிடுவேன்.

(குரல் தாழ்கிறது.)

என் அப்பா இப்போது இல்லை. அவர் போன புதிதில் ஒரு ராத்திரி, பழக்கத்தில் இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன். ‘ம்’ வரவில்லை.

மாற்கு 14:36-ஐ அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். இயேசு கைதாவதற்குச் சற்று முன் ஜெபம் செய்த இடம் கெத்செமனே, அதுவும் ராத்திரிதான். ‘அப்பா’ என்று கூப்பிட்டு, ‘இந்தப் பாத்திரத்தை’, அதாவது வரப்போகும் பாடுகளை, எடுத்துவிடும் என்று கேட்கிறார். பதில் வந்ததாக மாற்கு எழுதவில்லை. கூட வந்த மூன்று சீடர்களும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். பதில் கிடைக்காதவர் அவர்களிடம் வந்து சொல்வது என்ன? ‘எழுந்திருங்கள், போவோம்.’

‘தலீத்தாகூமி’க்கு மாற்கு கிரேக்கத்தில் அர்த்தம் சொல்லும்போது போட்ட வினைச்சொல்தான் இங்கேயும் வருகிறது. தூங்குகிறவரை எழுப்புவதற்குச் சாதாரணமாகச் சொல்லும் சொல். அப்படியே இரண்டு அதிகாரம் தள்ளி 16:6-க்குப் போங்கள். சூரியன் உதித்த நேரம், இயேசுவின் கல்லறைக்கு வந்த பெண்களிடம் அங்கே வெள்ளை உடையில் இருந்த ஓர் இளைஞன் சொல்வது, ‘அவர் உயிர்த்தெழுந்தார்.’ அதே வினைச்சொல்! தமிழிலும் பாருங்கள், ‘எழுந்திரு’, ‘உயிர்த்தெழு’, இரண்டிலும் அதே ‘எழு’.

ஈஸ்டர் அன்று சபையில் அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம், போர்வைக்குள் என் கையைத் தேடும் அந்தச் சில்லென்ற விரல்கள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

உங்களை உங்கள் வீட்டில் என்ன சொல்லி எழுப்புவார்கள்? அந்த வார்த்தையை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் நான் படிப்பேன்.