ஈரக் காற்றில் ஒரு புது வீடு

நேயர்களுக்கு என் வணக்கம். சாவி வாங்கி, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டுக் குடிபோகத் தயாராகும் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த அறைக்கு எத்தனை பிடியூ, அதாவது எவ்வளவு குளிர்விக்கும் திறனுள்ள, ஏர்கான் போடலாம் என்பதைத்தான். கட்டடங்களின் வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய சிலவற்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே சிங்கப்பூருக்கு வந்து குடியேறுபவர்களில் பலர், “நாங்கள் பார்க்காத வெயிலா?” என்று சிரிப்பார்கள். அதில் நியாயம் உண்டு. மதுரையிலும் திருச்சியிலும் கத்திரி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது புதிதன்று. சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்ச வெப்பநிலையோ 37 டிகிரிதான். 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான அந்த அளவு, நாற்பது ஆண்டுகள் கழித்து 2023 மே மாதம் அங் மோ கியோவில் மீண்டும் எட்டப்பட்டது. ஆயினும் உடல் உணரும் புழுக்கத்தை வெப்பமானி முழுவதும் சொல்லிவிடாது. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. நன்றாக வெயில் ஏறிய பிற்பகலிலும் அது 60 விழுக்காட்டளவில்தான் வந்து நிற்கிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் காற்றோ அந்த வியர்வையை எளிதில் வாங்கிக்கொள்வதில்லை.

ஆகவே ஊரில் கைகொடுத்த பழக்கங்கள் பல இங்கே பயன் தருவதில்லை. மாலையில் மொட்டைமாடியில் தண்ணீர் தெளிப்பது, சன்னலில் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டு நனைத்து வைப்பது, மண்பானையில் குடிநீரைக் குளிர வைப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: நீர் ஆவியாகும்போது அருகிலுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. வறண்ட காற்றில் அது விரைவாக நடக்கிறது. இங்கே அதே தண்ணீர் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கிறது. கதவைச் சாத்திய அறையில், தண்ணீர் ஊற்றும் ஏர்கூலரை ஓடவிட்டு, காசு கொடுத்தும் குளிரவில்லையே என்று அலுத்துக்கொள்ளும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. அது பிறந்த தட்பவெப்பம் வேறு. பகலில் வீட்டை அடைத்து வைத்து இரவில் திறந்துவிடும் வழக்கமும் இரவு நன்றாகக் குளிரும் ஊர்களுக்கு உரியது. இங்கோ இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையே சராசரியாக 23 முதல் 25 டிகிரி வரை இருக்கிறது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்தப் புழுக்கம் ஓரளவு பழகியதே என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அப்படியானால் இந்த ஊரில் செலவில்லாமல் கிடைக்கும் குளிர்ச்சி எது? ஓடும் காற்றுதான். தோலை ஒட்டிய ஈரக்காற்றை விலக்கி, அந்த இடத்துக்கு வேறு காற்றைக் கொண்டுவந்தால், அறையின் வெப்பநிலை மாறாமலேயே இரண்டு மூன்று டிகிரி குறைந்தாற்போல் உடல் உணர்கிறது. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பழைய அடுக்குமாடிகளில் நீண்ட பொது நடைக்கூடத்தின் பக்கம் ஒரு சன்னலும் சமையலறைப் பின்புறத்தில் மற்றொரு சன்னலுமாக அமைந்திருந்ததால், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியிருந்தது. அண்டை வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று நடைக்கூடச் சன்னலை நிரந்தரமாக மூடியவர்கள், காற்றையும் சேர்த்தே மூடிவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் காற்று செல்லும் வழியை அறியக் கருவி ஏதும் தேவையில்லை. ஓர் ஊதுபத்தி போதும். மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, பத்தியைக் கூடத்தின் நடுவே, ஏறத்தாழ இடுப்பு உயரத்தில் வைத்துப் பாருங்கள். புகை நேராக மேலே எழுந்தால் காற்று தேங்கியிருக்கிறது என்று பொருள். படுக்கையறைக் கதவைத் திறந்ததும் அது ஒரு பக்கம் சாயும். சமையலறைச் சன்னலையும் திறந்தால் கயிறு பிடித்து இழுத்தாற்போல் அந்தத் திசையில் ஓடும். புகை ஓடிய அந்தப் பாதையில் உயரமான அலமாரியோ தடுப்புச் சுவரோ வரலாமா என்பதைத் தச்சரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரையிலும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூனிலிருந்து செப்டம்பர் வரையிலும் வீசுவதால், பத்தியை ஆண்டில் இருமுறையாவது ஏற்றிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது வெயில். வாசல் எந்தத் திசை என்று வாஸ்து பார்ப்பவர்கள், படுக்கையறைச் சன்னல் எந்தத் திசை என்று கேட்பதில்லை. என் கணக்கில் முக்கியமானது அதுதான். நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாக வடக்கே இருக்கும் இந்தத் தீவில் சூரியன் ஆண்டின் நடுவில் வடக்கேயும் ஆண்டிறுதியில் தெற்கேயும் சாய்ந்தாலும், உச்சிவேளையில் உயரத்திலேயே இருப்பதால், வடக்குத் தெற்குச் சன்னல்களுக்கு மேலே ஒரு சிறிய விளிம்பு இருந்தாலே போதிய நிழல் கிடைத்துவிடும். மேற்கு வெயில் அப்படி அடங்காது. அது தாழ்வாக, சன்னலுக்கு நேராக வந்து கண்ணாடியைக் கடந்து கட்டில்வரை விழும். 1982இல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியதிலிருந்து சூரியன் மறைய இரவு ஏழு மணி ஆகிவிடுகிறது. பகலெல்லாம் வெப்பத்தை உறிஞ்சிய கான்கிரீட் சுவர், பிள்ளைகள் உறங்கப்போகும் நேரத்தில் அதைத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும். கட்டடங்கள் நெருங்கிய ஆர்ச்சர்ட் வட்டாரத்துக்கும் பசுமை மிகுந்த லிம் சூ காங்குக்கும் இடையே இரவில் 7 டிகிரி வரை வேறுபாடு அளக்கப்பட்டிருப்பதற்கு, இப்படிச் சேமித்துவைக்கப்படும் வெப்பம் ஒரு முக்கியக் காரணம். மேற்குப் பார்த்த அறையைப் பகலில் மட்டும் பயன்படும் வேலையறையாக்கிவிட்டு வேறு அறையில் படுப்பது, எந்தத் திரைச்சீலையையும்விடப் பயன்தரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏர்கான் தேவைப்படும் இரவுகள் உண்டு, மறுக்கவில்லை. 25 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் பெரும்பாலோருக்குப் போதும். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏர்கான் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு அடிக்கடி ஓய்ந்துவிடுவதால், ஈரத்தை அது சரியாக இழுப்பதில்லை.

ஈரத்தின் சேதம் முதலில் தெரிவது அலமாரிக்குள். பட்டுப்புடவைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் உள்ளே சிக்கிய ஈரத்தில் பூஞ்சைப் புள்ளி விழும், சரிகை கறுக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றிவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் ஆறவிட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். போர்க்காலத்தில் ஒதுங்குவதற்காக வீட்டுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும், நாம் பாம் ஷெல்டர் என்று சொல்லும் பாதுகாப்பறையில் காற்றோட்டம் மிகக் குறைவு என்பதால், துணி, புத்தகம், அரிசி மூட்டை எதற்கும் அது ஏற்ற இடமன்று. அலமாரியைக் குளியலறைச் சுவரோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விடுங்கள். பூந்தொட்டித் தட்டிலும் துணி உலர்த்தும் மூங்கில் கழி செருகும் குழாயிலும் நீர் தேங்கினால் ஒரு வாரத்தில் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்ந்துவிடும் என்பது நீங்கள் அறிந்ததே.

கடைசியாக ஒன்று. புதிய வீவக வீட்டுக்குச் சாவி பெற்றதிலிருந்து ஓராண்டு, குறைபாடுகளைக் கட்டணமின்றிச் சரிசெய்து தருவதற்கான காலம். அந்த ஓராண்டுக்குள் இரு பருவக்காற்றுகளும் வந்துபோகும். விடியற்காலையில் மேற்கிலிருந்து சீறிவரும் சுமத்ரா காற்றுமழையின்போதும், டிசம்பரில் விடாது பெய்யும் அடைமழையின்போதும், சன்னல் சட்டத்தின் கீழ் ஓரத்தை உள்ளிருந்து விரலால் தடவிப் பாருங்கள். விரல் நனைந்தால் உடனே படமெடுத்துத் தேதியுடன் புகார் கொடுங்கள். அந்தச் சுவரை மறைத்து அலமாரி அடிக்கும் வேலையை இந்தச் சோதனை முடியும்வரை தள்ளிவையுங்கள். வணக்கம்.