உலோகம் எரிவதில்லை

நேயர்களுக்கு வணக்கம். குப்பை எரிக்கும் ஆலைகளின் அருகே வளரும் பிள்ளைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் உயிர்வேதியியல் வாத்தியார். எங்கே தொடங்கினாலும் ரத்தப் பரிசோதனையில் வந்துதான் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஊரில் எரிஉலைக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மேடையில் இருந்த பொறியாளர், "850 டிகிரி சூட்டில் எல்லாமே சாம்பலாகிவிடும், ஒன்றும் மிஞ்சாது" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். "ஏன் தம்பி, என் தோசைக்கல்லு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அடுப்புல கெடக்கு. அது இன்னும் சாம்பலாகலையே?" கூட்டம் சிரித்தது, பொறியாளரும் சிரித்தார். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "குப்பையில பேட்டரி கெடக்கு, டியூப்லைட் கெடக்கு. அதுல இருக்கறதெல்லாம் எங்க போவும்?" பதில் வரவில்லை. அடுத்தவர் பேசலாம் என்று மைக்கை வாங்கிவிட்டார்கள்.

அவர் கேட்டதுதான் வேதியியல். உலோகம் எரிந்து காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், காட்மியம் 767 டிகிரியில். ஈயம் உலைச் சூட்டில் கொதிக்காது என்பது உண்மைதான். ஆனால் பிவிசி பிளாஸ்டிக்கிலிருந்து வரும் குளோரினோடு சேர்ந்தால் அதுவும் கிளம்பிவிடும். புகை ஆறும்போது இவற்றில் பெரும்பகுதி பொடிச் சாம்பலில் படியும். நல்ல வடிகட்டி அந்தச் சாம்பலைப் பிடித்துவிடும். சரி, பிடித்த சாம்பலை எங்கே கொட்டுவது? பாட்டியின் கேள்வி அங்கேயும் நிற்கிறது.

இனி பெல்ஜியத்துக்குப் போவோம். ஆன்ட்வெர்ப் நகரை ஒட்டி வில்ரைக் என்ற பகுதியில் இரண்டு குப்பை எரிஉலைகள் இருந்தன. பக்கத்தில் ஹோபோகன், அங்கே ஈயம் உருக்கும் ஆலை. ஒப்பிட்டுப் பார்க்க, தொலைவிலுள்ள பேர் என்ற கிராமப்புற ஊரையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று ஊரிலும் பதினேழு வயதுப் பிள்ளைகள், மொத்தம் 200 பேர். ரத்தமும் சிறுநீரும் எடுத்து அளந்தார்கள். 2001இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது.

அதில் மரபணுச் சேதத்தைப் பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. செல்லை ஜெல்லில் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். முழுசாக இருக்கும் டிஎன்ஏ உருண்டையாக நிற்கும். உடைந்த துண்டுகள் வால்நட்சத்திரத்துக்கு வால் முளைத்ததுபோல் பின்னால் நீளும். வால் நீளமென்றால் சேதம் அதிகம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகளிடம் டிஎன்ஏ சேதம் ஈயத்தோடு சேர்ந்து ஏறவில்லை. புகையில் வரும் கரிமப் பொருள்கள் சிறுநீரில் விட்டுப்போகும் எச்சத்தோடு சேர்ந்து ஏறியது. ரத்த ஈயத்தோடு ஏறியது சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி. எரிஉலைக்கு அருகில் இருந்தவர்கள் பருவமடைந்ததும் மெதுவாகவே நடந்தது. டிஎன்ஏ உடைந்தால் பேரன்வரைக்கும் போகும் என்றும் பயப்படாதீர்கள். செல் ராத்திரி பகலாக அதைப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறது. காட்மியம் கை வைப்பது அந்தப் பழுதுபார்க்கும் வேலையில்தான். புகையும் உலோகமும் தனித்தனியாக வருவதில்லை என்பதால் இது முக்கியம்.

அப்புறம் என் பழைய பல்லவி. ஒப்பிட்டுப் பார்க்க பேர் ஊர்ப் பிள்ளைகளின் ரத்தக் கணக்கு இல்லாவிட்டால் வில்ரைக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. சென்னை கொடுங்கையூரில் எரிஉலைத் திட்டத்தை அந்தப் பகுதி மக்கள் எதிர்க்கிறார்கள். எங்கே ஆலை வந்தாலும் சரி, வருவதற்கு முன்பே சுற்றியுள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று அளந்து எழுதி வைக்க வேண்டும். முன்பே! இல்லாவிட்டால் பின்னால் கேட்கும்போது, 'அது பெயின்டிலிருந்து வந்தது, வண்டிப் புகையிலிருந்து வந்தது' என்பார்கள். மறுக்க உங்களிடம் தாள் இருக்காது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2002 முதல் அரசே இப்படி அளந்துவருகிறது, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம் உட்பட.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வீட்டில் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். விழுங்கும் ஈயத்தைச் சிறு பிள்ளையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சும். இரும்புச்சத்து குறைந்தால் இன்னும் அதிகம். நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே கீரை, கம்பு, கேழ்வரகு. சாப்பிடுமுன் கை கழுவுதல். தரையை ஈரத்துணியால் துடைத்தல். பேட்டரியும் டியூப்லைட்டும் தனிப் பையில். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.