லண்டன் பிள்ளையும் லிங்கன் ஊர் வேலியும்

தலைவர் அவர்களே, காய்ச்சலோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர் ஐயா அவர்களே, மைக் தந்த தம்பி, உள்ளே டீ போட்டுக்கொண்டிருக்கும் அக்கா, எல்லோருக்கும் வணக்கம். நான் பேச வைத்திருந்ததில் பாதியைத் தலைவர் பேசிவிட்டார். பெரியவர், சரி.

அமெரிக்காவில் கடை போட்ட ஆங்கிலேயர் ஜான் ஹென்றி டன்ஸ்டால் பற்றி மூன்று விஷயம்: பிழைப்பு, சாவு, சாவுக்குப் பின் மூண்ட சண்டை.

1853இல் லண்டனில் பிறந்தவர். கனடாவில் கடை வேலை, அப்புறம் கலிபோர்னியா, 1876இல் நியூ மெக்சிகோ. அங்கே லிங்கன் ஊரில் மர்ஃபி, டோலன் என்ற கடைக் கூட்டாளிகள் வைத்ததுதான் விலை. குடியானவர்கள் அவர்களிடம் கடனாளிகள். இவர் போட்டிக் கடை போட்டார். தர்மத்துக்கு அல்ல! கவுண்டியில், அதாவது அந்த மாவட்டத்தில், யார் ஒரு டாலர் சம்பாதித்தாலும் பாதி தன் கைக்கு வரவேண்டும் என்று வீட்டுக்கு எழுதினவர். அங்கே சட்டத்தைக் காக்க வேண்டிய அதிகாரி ஷெரீப். அந்த ஷெரீப் பிரேடி கூட்டாளிகள் பக்கம். வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்?

வக்கீல் நண்பர் மக்ஸ்வீன் மேலிருந்த வழக்கைக் காட்டி டன்ஸ்டால் சொத்தையும் ஜப்தி செய்ய ஷெரீப் ஆள் அனுப்பினார். 1878 பிப்ரவரி 18, சாயங்காலம். டன்ஸ்டாலும் நான்கு ஆட்களும் பண்ணையிலிருந்து ஒன்பது குதிரைகளை ஓட்டிக்கொண்டு லிங்கனுக்கு வருகிறார்கள். வழியில் என்ன வருகிறது? வான்கோழி! காட்டு வான்கோழிக் கூட்டம். இரண்டு பேர் அதைத் துரத்திக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டார்கள். சிரிக்கிறீர்கள். நாம் மட்டும் விடுவோமா? அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஷெரீப்பின் ஆட்கள். "ஓடிவாருங்கள்" என்று கூடவந்தவன் கத்துகிறான். இவருக்கு விளங்கவில்லை. குதிரைகளோடு தனியாக நின்றார். சுட்டார்கள். குதிரையையும் சுட்டு, அவர் தொப்பியை அதன் தலைக்கு அடியில் வைத்தார்கள். இருபத்தைந்து முடிய இன்னும் இரண்டு வாரம். சட்டத்தின் பேரால் வந்தவர்கள், ஐயா! வேலியே பயிரை மேய்ந்தது.

மூன்றாவது, இந்தச் சாவுக்குப் பழிவாங்க மூண்ட சண்டை... அதில் இறங்கிப் பேர்பெற்ற துப்பாக்கிக்காரன், இவரிடம் வேலைபார்த்த பில்லி தி கிட்டை உங்களுக்கே தெரியும். தலைவர் கடிகாரம் பார்க்கிறார், நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவும் நமக்குத் தெரிவதில் பாதி டன்ஸ்டால் எழுதிய கடிதங்களால். லண்டனில் வீட்டார் பத்திரமாக வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில்? தாத்தா எழுதிய ஒரு பெட்டிக் கடிதத்தைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். காக்க வேண்டியவர்கள் நாங்கள். வேலியே மேய்ந்தது, வேறென்ன சொல்ல?

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முகவரி எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து உங்கள் வீட்டுப் பழைய கடிதங்களை வாங்கிக்கொள்கிறேன். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.