கடைச் சாவியும் பாஸ்வேர்டும்

வணக்கம், நேயர்களே.

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் எங்கள் சேலைக்கடை. மாமனார் ஆரம்பித்தது. பருத்திச் சேலைதான் விற்கிறோம், அதிலும் சுங்குடிதான் அதிகம். பதினெட்டு வருஷமாகக் கல்லாவில் நான் உட்காருகிறேன். கடையின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வேலைகளைக் கவனிக்க வெளியிலிருந்து ஆள் வைப்பது பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். அந்த வேலைக்கு நான் இரண்டு முறை ஆள் வைத்திருக்கிறேன். முதல் முறை நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தது. சாயப்பட்டறைக்கும், முடிச்சுப் போடும் பெண்களுக்கும் கொடுக்க வேண்டிய பணம் நின்றுபோனது. அந்த ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே நம் ஊருக்கு இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் போனில் சேலையை விரித்துக் காட்டி விற்க ஆரம்பித்தார்கள். எனக்கு அது கைவரவில்லை. அடுத்த வருஷம் ஒரு ஏஜென்சியைப் பிடித்தோம். "மேடம், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். கடை, வீடு, குழந்தைகள் என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

இங்கே சுங்குடி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அசல் சுங்குடி என்பது கைமுடிச்சு. துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் நனைத்து, காய்ந்த பிறகு நூலை இழுத்துப் பிரிப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊர் சௌராஷ்டிரப் பெண்கள் செய்துவரும் வேலை அது. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இப்போது கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான். அவையும் நல்ல சேலைகள், வெயிலுக்கு இதமானவை, நானும் விற்கிறேன். விலைதான் வேறு. முடிச்சுச் சேலையைத் தடவினால் புள்ளி விரலில் தட்டுப்படும், அச்சுச் சேலையில் தட்டுப்படாது. இது எங்கள் கடையில் பெருக்குகிற அக்காவுக்குக்கூடத் தெரியும்.

ஏஜென்சியிலிருந்து வந்த பையனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவுமில்லை, நானும் சொல்லவில்லை. மெழுகு அச்சுச் சேலைகளை வரிசையாகப் படம் எடுத்து, 'முழுக்க முழுக்கக் கைமுடிச்சு' என்று எழுதிப் போட்டுவிட்டான். கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆசிரியை வாங்கினார். வாங்கிய இரண்டாம் நாள் போன். "ஏம்மா, மெழுகுச் சேலையை முடிச்சுச் சேலைன்னு சொல்லியா விப்பீங்க?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதே வார்த்தையை நம்பி வாங்கிய மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்துகிற விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை. ரீல்ஸும் விளம்பரம்தான். எழுதியது அந்தப் பையன், ஆனால் மேலே இருந்தது என் கடைப் பெயர்.

சரி, இவர்களோடு ஒத்துவராது என்று ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டோம். அப்புறம்தான் பெரிய இடி. பக்கத்தை ஆரம்பத்தில் அவர்களே திறந்திருந்தார்கள், அவர்களுடைய இமெயிலில், அவர்களுடைய போன் நம்பரில். ஃபேஸ்புக் பக்கம் அவர்களுடைய நிறுவனக் கணக்குக்குள் இருந்தது. எனக்குப் படம் போடவும் பதில் எழுதவும் மட்டும்தான் அனுமதி, அதையும் ஒரு சாயங்காலம் எடுத்துவிட்டார்கள். ஓடிபி அவர்கள் நம்பருக்குப் போகிறது, நான் என்ன செய்ய? இரண்டு வருஷப் படங்கள், 'அக்கா, அந்த மாம்பழ மஞ்சள் திரும்ப வந்தா சொல்லுங்க' என்று எழுதியிருந்த வாடிக்கையாளர்கள், எல்லாம் போய்விட்டது. ஒன்றிலிருந்து திரும்ப ஆரம்பித்தோம்.

அதனால் ஆள் தேடுவதற்கு முன்னால் இந்த வேலையை முடியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கடைப் பெயரில் ஒரு இமெயில் திறந்துகொள்ளுங்கள். கடைப் பெயரில் ஒரு சிம் வாங்கி, அந்த போன் கடையை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம் கணக்கும் வாட்ஸ்அப் பிசினஸும் அந்த நம்பரில் இருக்கட்டும். ஃபேஸ்புக் பக்கத்தையும் விளம்பரக் கணக்கையும், ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்துகிற மெட்டா நிறுவனம் வணிகர்களுக்காக வைத்திருக்கிற பிசினஸ் கணக்கில் நீங்களே திறந்து, முழு அதிகாரத்தை உங்களிடமும் வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரிடமும் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வருகிறவருக்கு அங்கிருந்தே தேவையான அனுமதியை மட்டும் கொடுக்கலாம். பாஸ்வேர்டைச் சொல்லவே வேண்டாம். அவர் போகும்போது அனுமதியை எடுத்துவிட்டால் போதும். பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கிற இரண்டடுக்குப் பாதுகாப்பையும் போட்டுவிடுங்கள். கடைச் சாவியை வேலைக்கு வந்த முதல் நாளே யாரிடமாவது கொடுப்போமா? இதுவும் சாவிதான்.

பண விஷயம். சம்பளம் வேறு, விளம்பரச் செலவு வேறு. இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், எவ்வளவு விளம்பரத்துக்குப் போனது என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியாது. விளம்பரப் பணம் உங்கள் கார்டிலிருந்து நேராக மெட்டாவுக்குப் போகட்டும். அதற்குப் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. விளம்பரக் கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால் பில் உங்கள் பெயரில் வரும். வழக்கமான முறையில் வரி கட்டுகிற கடை என்றால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வருஷம் அதையும் நான் விட்டுவிட்டேன்.

ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஃபாலோயர் எண்ணிக்கையைக் காட்டிப் பேசுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்த எண்ணை விலைக்கு வாங்கலாம். வாங்கிய ஃபாலோயர் சேலை வாங்க மாட்டார்.

இரண்டாவது முறை நான் செய்தது இதுதான். மூன்று பேரை வரச் சொன்னேன். ஆளுக்கு ஒரு சேலையைக் கொடுத்து, அரை நிமிஷ வீடியோ ஒன்று எடுத்து, கீழே தமிழில் நாலு வரி எழுதித் தரச் சொன்னேன். அன்றைய வேலைக்குக் கூலியும் கொடுத்தேன், சும்மா வேலை வாங்குவது தப்பு. முதல் இருவரும் உடனே போனை எடுத்தார்கள். மூன்றாவதாக வந்த பெண் சேலையை மடியில் போட்டு, மடிப்பைப் பிரித்து, முந்தியைத் தடவிப் பார்த்தாள். "இந்தப் புள்ளி ஏன்கா மேடா இருக்கு?" என்றாள். அரை மணி நேரம் கேள்விதான் கேட்டாள். சாயம் போகுமா, முதல் தடவை எப்படி அலசணும், கஞ்சி போடலாமா என்று. வீடியோ எடுக்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். டியூப்லைட்டில் அரக்கு நிறம் வேறு மாதிரி தெரியும், சேலை கைக்கு வந்ததும் 'போனில் பார்த்த கலர் இல்லையே' என்பார்கள் என்று அவளே சொன்னாள். வேலைக்கு வைத்தது அவளைத்தான்.

அவளுடைய வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். வாரத்துக்கு எத்தனை ரீல்ஸ், மாத விளம்பர வரம்பு எவ்வளவு, இரு பக்கமும் விலகிக்கொள்ள எத்தனை நாள் முன்னறிவிப்பு, எடுத்த படமும் வீடியோவும் எழுதிய வரிகளும் கடைக்கே சொந்தம் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. சினிமாப் பாட்டுப் போடக் கூடாது என்றும் எழுதினோம். வணிகத்துக்குப் பயன்படுத்த உரிமை வாங்காத பாட்டைப் போட்டால் வீடியோ முடக்கப்படலாம், அதற்கு மேலும் சிக்கல் வரலாம். வெளியாட்களிடம் பணம் கொடுத்தோ சேலை கொடுத்தோ பேச வைத்தால், அது விளம்பரம் என்று வீடியோவிலேயே சொல்லிவிட வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டி இதைத் தெளிவாகக் கேட்கிறது.

ஒரு வேலையை மட்டும் நான் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. குறை சொல்லி வருகிற செய்திக்கு நானே பதில் எழுதுகிறேன். ராத்திரி கடை பூட்டியதும் அரை மணி நேரம் அதற்கே. கிழிசல், சாயம், தாமதம், எதுவாக இருந்தாலும் கடைக்காரர் குரலில் பதில் வந்தால்தான் அவர்களுக்குச் சமாதானம் ஆகிறது. விலை கேட்கிறவர்களுக்கும் விலையைச் சொல்லிவிடுகிறோம். 'இன்பாக்ஸில் வாங்க' என்று இழுத்தடிப்பது எனக்குப் பிடிக்காது.

மாதக் கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். எத்தனை லைக் என்று நான் கேட்பதில்லை. இந்த மாதம் விசாரித்தவர்கள் எத்தனை பேர், அதில் வாங்கியவர்கள் எத்தனை பேர், திரும்ப வந்து வாங்கியவர்கள் யார், எதைத் திருப்பி அனுப்பினார்கள் என்றுதான் பார்ப்போம். ஆடிக்கும் தீபாவளிக்கும் இரண்டு மாதம் முன்பே திட்டம் போட்டுவிடுகிறோம். சேலை தயாராகவே அவ்வளவு நாளாகிறதே.

நாலு தெருவுக்கு மட்டும் விற்கிற இட்லி மாவுக் கடைக்கும் தையல்காரருக்கும் சம்பள ஆள் தேவையா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். படம், விலை, கடை நேரம் எல்லாம் அதிலேயே போட்டு வைக்கலாம். ஆறு மாதம் நீங்களே செய்து பாருங்கள். கைக்கு மீறிப் போனால் அப்போது ஆள் தேடலாம், என்ன வேலைக்குத் தேடுகிறோம் என்பதும் அதற்குள் புரிந்துவிடும்.

போன வாரம் அவள் முடிச்சுப் பிரிக்கிற வீட்டுக்குப் போய் வீடியோ எடுத்து வந்தாள். சாயம் காய்ந்த சேலையை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க, பட்பட்டென்று நூல் தெறித்துப் புள்ளிகள் திறக்கும். அந்தச் சத்தத்தை மட்டும் வைத்து, பாட்டு எதுவும் போடாமல் வெளியிட்டாள். அதன் கீழே ஒருவர், கடையில் தொங்குகிற இன்னொரு நீலச் சேலையைக் குறிப்பிட்டு, 'அதுவும் முடிச்சா, அச்சா?' என்று கேட்டிருந்தார். பதில் எழுதுவதற்கு முன்னால் அவள் எனக்கு போன் செய்தாள். "அக்கா, அந்த நீலத்தை நான் இன்னும் தொட்டுப் பார்க்கலை. நாளைக்குக் கடைக்கு வந்து பார்த்துட்டு எழுதறேன்" என்றாள்.

மறுநாள் வந்து பார்த்தாள். அச்சு என்றே எழுதினாள்.

நன்றி, வணக்கம்.