ஓடுகிற அலையை நிறுத்துவது எந்தக் குமிழ்? ஆஸிலோஸ்கோப்பின் ட்ரிகரும் டைம் பேஸும்

[திரையில்: 50 ஹெர்ட்ஸ் சைன் அலை. நிற்காமல் வலப்பக்கம் நழுவிக்கொண்டே இருக்கிறது.]

வணக்கம். வோல்டேஜ் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று திரையில் வரைந்து காட்டுகிற ஆஸிலோஸ்கோப்பை, சுருக்கமாக ஸ்கோப்பை, வாங்கிய எல்லோருக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். அலை வந்துவிட்டது, ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது. உடனே கை எங்கே போகிறது? பெரிய குமிழுக்கு, அதாவது டைம் பேஸுக்கு. திருப்புகிறோம். அலை விரிகிறது, சுருங்குகிறது, ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

நிற்காது. எவ்வளவு நேரத்தைத் திரையில் காட்ட வேண்டும் என்பதுதான் டைம் பேஸின் வேலை. எந்த நொடியில் வரைய ஆரம்பிக்க வேண்டும் என்பதைச் சொல்வது ட்ரிகர். ஓடுகிற அலைக்கு மருந்து ட்ரிகர் பக்கத்தில் இருக்கிறது.

இன்றைக்கு சேலத்தில் எங்கள் பட்டறைக்கு வேலைக்கு வருகிற சாமான்களை வைத்தே இதைப் பார்க்கலாம்: ஒரு தறி சென்சார், ஒரு கொலுசுக் கடைத் தராசு, ஒரு 12 வோல்ட் அடாப்டர். அதற்கு முன் சிக்னலுக்கு, வீட்டு கரண்டை 9 வோல்ட்டாகக் குறைக்கிற ஒரு 9-0-9 ட்ரான்ஸ்ஃபார்மர்.

[திரையில்: ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி (குறைந்த வோல்டேஜ் பக்கம்) வயர்கள், அதில் மாட்டிய ப்ரோப் (ஸ்கோப்பின் அளக்கும் வயர்).]

ஒரு எச்சரிக்கை. வீட்டு கரண்டை நேராக ப்ரோப்பில் தொடாதீர்கள். ப்ரோப்பின் முதலைக் கிளிப், ஸ்கோப்புக்குள்ளேயே எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. அதை ஃபேஸில் மாட்டினால் நேரடி ஷார்ட். சிலர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டு அளக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உலோகப் பாகமெல்லாம் ஃபேஸ் ஆகிவிடும், கை வைத்தவர் கதி அவ்வளவுதான். ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் பாருங்கள், போதும்.

சரி, டைம் பேஸ். திரையில் குறுக்கே பெரும்பாலும் 10 கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டம் எவ்வளவு நேரம் என்பதை இந்தக் குமிழ் தீர்மானிக்கிறது. 5 மில்லி செகண்டில் வைத்தால் முழுத்திரை 50 மில்லி செகண்ட். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். ஆக இரண்டரை அலை தெரிய வேண்டும். எண்ணிப் பாருங்கள். 2 மில்லி செகண்டுக்கு மாற்றினால் ஒரே ஒரு அலை, திரை முழுக்க.

எதை அளப்பதாக இருந்தாலும் இரண்டு மூன்று அலை தெரிகிற மாதிரி வைப்பது என் வழக்கம். கல்லூரி லேபில் பழைய சி.ஆர்.ஓ. (பிக்சர் ட்யூப் வகை ஸ்கோப்) வைத்திருக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். டைம் பேஸ் குமிழின் நடுவிலோ பக்கத்திலோ ஒரு சின்ன வேரியபிள் குமிழ் இருக்கும். அது 'கால்' (CAL, குறித்த அளவு சரியாக இருக்கும்) நிலையில் இல்லையென்றால் கட்டத்தை எண்ணி நேரம் சொல்ல முடியாது, கணக்கு தப்பாகத்தான் வரும்.

டைம் பேஸ் கதை இவ்வளவுதான். கடைசியில் ஒரு சிக்கலுக்காக இதற்குத் திரும்பி வருவோம்.

[திரையில்: சுற்றும் ராட்டினத்தின் கோட்டுப் படம். ஒரு பெட்டி மட்டும் சிவப்பு.]

ட்ரிகருக்கு வருவோம். ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போகிறோம், பொருட்காட்சியில் பெரிய ராட்டினம் சுற்றுகிறது என்று வையுங்கள். தோன்றிய நேரத்திலெல்லாம் படம் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வெறும் குழப்படிதான் மிஞ்சும். சிவப்புப் பெட்டி ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வரும்போது மட்டும் எடுத்தால்? அதுவும் போதாது. அதே உயரத்தை அந்தப் பெட்டி ஒரு சுற்றில் இரண்டு முறை தாண்டுகிறது, ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. உயரமும் திசையும் சேர்ந்து பொருந்தினால்தான் எல்லாப் படமும் அச்சு அசலாக ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்.

அந்த உயரம்தான் ட்ரிகர் லெவல். அந்தத் திசைதான் ஸ்லோப். ஸ்கோப் அலையை நிறுத்துவதே இல்லை. நொடிக்குப் பல முறை புதிதாக வரைந்துகொண்டே இருக்கிறது, எல்லாம் ஒரே இடத்தில் விழுவதால் நமக்கு நின்றது போலத் தெரிகிறது.

[திரையில்: லெவல் குமிழைத் திருப்ப, மஞ்சள் கோடு மேலே ஏறி அலையின் உச்சியைத் தாண்டுகிறது.]

தம்பி, கேமராவைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வாப்பா. இந்தக் கோட்டைப் பாருங்கள். 9 வோல்ட் ஏ.சி. என்றால் உச்சி கிட்டத்தட்ட 12.7 வோல்ட், லோடு இல்லாததால் இங்கே இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கிறது. கோடு அலைக்குள் இருக்கும்வரை படம் அசையவில்லை. உச்சிக்கு மேலே போன அந்த நொடியே ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த உயரத்தை அலை தொடுவதே இல்லை, அப்புறம் ஸ்கோப் எதைப் பிடிக்கும்? கீழே இறக்கினேன், நின்றுவிட்டது.

முதலில் பார்த்த ஓட்டத்துக்குக் காரணம் லெவல்கூட இல்லை. ப்ரோப் இரண்டாம் சேனலில், அதாவது ஸ்கோப்பின் இரண்டாம் இன்புட்டில்; ட்ரிகர் எதைப் பார்க்க வேண்டும் என்கிற சோர்ஸ் முதல் சேனலில். ஆள் இல்லாத சேனலை ஸ்கோப் காத்துக்கொண்டிருந்தது. பழுதென்று சொல்லி வருகிற பாதி ஸ்கோப்புகளுக்கு வியாதி இதுதான். சோர்ஸைப் பாருங்கள், பிறகு லெவல், அதற்குப் பிறகு மோடு (அது என்ன என்று தறியில் பார்ப்போம்). இந்த வரிசையில் போனால் தேடுகிற நேரம் மிச்சம்.

டைம் பேஸைத் திருப்பி அலையை நிறுத்தப் பார்ப்பது ஒரு காலத்தில் சரியான வழியாகவே இருந்தது. பழைய ஸ்கோப்புகளில் ஸ்வீப், அதாவது திரையின் குறுக்கே கோடு இழுக்கிற ஓட்டம், தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அதன் வேகத்தை சிக்னலுக்குப் பொருந்துகிற மாதிரித் திருகி ஒட்டவைக்க வேண்டும். ஹோவர்ட் வோல்லமும் ஜாக் மர்டாக்கும் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 1946இல் டெக்ட்ரானிக்ஸைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் அவர்களுடைய 511 மாடல் வந்தது. ட்ரிகர் கிடைத்தால் மட்டும் வரையும் ஸ்வீப், கட்டத்துக்கு இவ்வளவு நேரம் என்று குறித்த டைம் பேஸ், இரண்டும் அதில் இருந்தன. டைம் பேஸைத் திருகி நிறுத்தப் பார்க்கும் பழைய கைப்பழக்கத்தை நாம்தான் இன்னும் விடவில்லை.

[திரையில்: மூன்று வயர் ப்ராக்ஸிமிட்டி சென்சார், எதிரே ஒரு போல்ட் தலை.]

இப்போது தறி. இளம்பிள்ளை, தாரமங்கலம் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர்களுக்கு, உலோகம் கிட்ட வந்தால் தொடாமலே உணர்கிற இந்த சென்சாரைத் தெரிந்திருக்கும். பழுப்பு வயர் பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு அவுட்புட். ஷாஃப்டில் ஒரு போல்ட் தலை, அது சென்சாரைத் தாண்டும்போதெல்லாம் 24 வோல்ட் பல்ஸ் ஒன்று. நிமிடத்துக்கு 150 சுற்று என்று வைத்தால் 400 மில்லி செகண்டுக்கு ஒரு பல்ஸ். ஷாஃப்ட் நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி 1 சென்டிமீட்டர் அகல போல்ட் என்றால், பல்ஸின் அகலம் சுமார் 13 மில்லி செகண்ட். மீதி நேரமெல்லாம் வெறும் கோடு.

ப்ரோப் பத்துக்கு ஒன்றில் (சிக்னலைப் பத்தில் ஒரு பங்காக்கும் நிலை), டைம் பேஸ் 5 மில்லி செகண்டில், லெவல் 12 வோல்ட் பக்கம். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும் பாருங்கள், பல்ஸ் கண் சிமிட்டுகிற மாதிரி வருகிறது, உடனே காணோம். லெவல் தப்பில்லை, மோடு ஆட்டோவில் இருக்கிறது. ஆட்டோ மோடுக்குப் பொறுமை கம்மி. கொஞ்ச நேரம் காத்திருக்கும், ட்ரிகர் வராவிட்டால் தானாகவே வரைந்துவிடும். அடுத்த பல்ஸ் வருவதற்குள் வெறும் கோட்டைப் பல முறை வரைந்து, நமக்கு வேண்டிய படத்தை அழித்துவிடுகிறது.

நார்மலுக்கு மாற்றுகிறேன். பல்ஸ் நின்றுவிட்டது, இரண்டரைக் கட்டத்துக்குச் சற்று கூட. நார்மலில் ட்ரிகர் வந்தால்தான் புதுப் படம், அதுவரை பழையது அப்படியே இருக்கும். நார்மலுக்கு ஒரு தொல்லையும் உண்டு. ட்ரிகரே வராவிட்டால் பழைய சி.ஆர்.ஓ.வில் திரை இருட்டாகவே கிடக்கும், பையன்கள் ஃபியூஸ் போய்விட்டது என்று நினைப்பார்கள். அதனால் சிக்னல் இருக்கிறதா என்று ஆட்டோவில் தேடுங்கள், அளப்பதை நார்மலில் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் தானே அமைக்கிற ஆட்டோ செட் பட்டனைத் தட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். கரண்ட் அலைக்கு வேலை செய்யும். இப்படி நொடிக்கு இரண்டரை பல்ஸ் என்றால் பெரும்பாலும் சிக்னலே இல்லை என்று சொல்லிவிடும், அல்லது ஏதாவது இரைச்சலைப் பெரிதாக்கிக் காட்டும். எனக்கு அந்தப் பட்டன்மேல் பெரிய மரியாதை இல்லை.

இனிமேல்தான் ட்ரிகரின் அருமை தெரியும். தறி நன்றாக ஓடுகிறது, எப்போதாவது காரணமில்லாமல் நிற்கிறது. கன்ட்ரோல் போர்டு எண்ணிக்கையைத் தவறவிடுகிறது. மோட்டாரை ஆன் செய்கிற காந்த சுவிட்சான கான்டாக்டர் இழுக்கும்போது சென்சார் வயரில் ஒரு குட்டி முள், அதாவது கணநேர வோல்டேஜ் குத்து, விழுகிறதோ என்று சந்தேகம். நாள் பூராவும் திரையை முறைத்துக்கொண்டு உட்கார முடியுமா? டிஜிட்டல் ஸ்கோப்பில், இதுவரை பார்த்த, அலை லெவலைத் தாண்டும்போது பிடிக்கிற எட்ஜ் ட்ரிகருக்குப் பதில் பல்ஸ் அகல ட்ரிகர் எடுங்கள். நல்ல பல்ஸ் 13 மில்லி செகண்ட் என்று நமக்குத் தெரியும். 5 மில்லி செகண்டைவிடக் குறுகியது வந்தால் மட்டும் பிடி என்று சொல்லி, மோடை சிங்கிளில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். முள் விழுந்தால் ஒரே ஒரு முறை பிடித்து அப்படியே வைத்திருக்கும். முள்ளே விழவில்லை, தறி மட்டும் நின்றிருக்கிறது என்றால் சென்சார் வயரை விட்டுவிட்டு வேறு இடம் தேடலாம்.

பிடித்த படத்தில் ட்ரிகர் புள்ளி நடுத்திரையில் இருக்கும், மேலே ஒரு சின்ன அம்புக்குறி அதைக் காட்டும். அதற்கு இடப்பக்கம் இருப்பது ட்ரிகருக்கு முன்னால் நடந்தது. டிஜிட்டல் ஸ்கோப் எப்போதும் பதிந்துகொண்டே இருப்பதால் இது முடிகிறது. கான்டாக்டர் காயில் வயரை இரண்டாம் சேனலில் மாட்டிப் பார்க்க வேண்டுமென்றால், அது கரண்ட் லைனில் ஓடும் காயிலா என்று முதலில் பாருங்கள். 230 வோல்ட் காயிலென்றால் சாதாரண ப்ரோப்போடு கிட்டவே போகக் கூடாது, எர்த்தோடு சேராமல் இரண்டு வயருக்கு நடுவே அளக்கிற டிஃபரன்ஷியல் ப்ரோப் வேண்டும்.

[திரையில்: தராசின் சீரியல் வயரில் வரும் அலை, பல பிம்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று கலந்து.]

அடுத்தது தராசு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு எடையை சீரியல் வயரில் அனுப்புகிற வகை. 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்), ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ செகண்ட், ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட். இந்தத் தராசு ஒரு தடவைக்கு 12 எழுத்து அனுப்புகிறது, ஆக சுமார் 12.5 மில்லி செகண்ட். பிறகு மௌனம். மறுபடி 200 மில்லி செகண்ட் கழித்து அதே மாதிரி.

சோர்ஸ் சரி, லெவல் சரி, நார்மல் மோடு. இருந்தும் படம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. காரணம், அந்த 12 எழுத்துக்குள் ஏறும் எட்ஜ் ஏராளம். ஸ்கோப் ஒரு முறை முதல் எழுத்தில் பிடிக்கிறது, இன்னொரு முறை ஏழாவதில். அதற்கு எல்லா எட்ஜும் ஒன்றுதான்.

இங்கேதான் ஹோல்ட் ஆஃப். ஒரு ட்ரிகரைப் பிடித்த பிறகு இவ்வளவு நேரம் வேறு எதையும் கண்டுகொள்ளாதே என்று சொல்வது. 12.5ஐவிடக் கூட, 200ஐவிடக் குறைவு; 50 மில்லி செகண்ட் வைக்கிறேன். முதல் தடவை நடுவில் எங்கே பிடித்தாலும், 50 மில்லி செகண்ட் முடியும்போது வயர் மௌனமாக இருக்கும். அடுத்து வருகிற எட்ஜ் முதல் எழுத்தின் ஸ்டார்ட் பிட்டாகத்தான் இருக்க முடியும். பாருங்கள், படம் கல் மாதிரி நின்றுவிட்டது. ஆர்.எஸ். 232 என்கிற இந்த வகை சீரியல் வயரில் சும்மா இருக்கும்போது மைனஸ் வோல்டேஜ், ஸ்டார்ட் பிட் மேலே ஏறும், அதனால் ஸ்லோப் ஏறுமுகம். போர்டில் மைக்ரோ கன்ட்ரோலர் பின்னில் நேராகப் பார்த்தால் தலைகீழ், இறங்குமுகம் வையுங்கள்.

அடாப்டரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் அவுட்புட்டில், சேனல் கப்ளிங்கை ஏ.சி.யில் வைத்தால் நிலையான 12 வோல்ட் மறைந்து, அதன்மேல் ஆடுகிற ரிப்பிள் மட்டும் தெரியும். இதற்குள் இரண்டு அலைகள் குடியிருக்கின்றன. 5 மில்லி செகண்டில் பார்த்தால் 100 ஹெர்ட்ஸ் மேடு பள்ளம். 5 மைக்ரோ செகண்டில் பார்த்தால் அடாப்டர் உள்ளே ஆன்-ஆஃப் செய்கிற 65 கிலோ ஹெர்ட்ஸ் ஸ்விட்சிங், மூன்று அலைக்கு மேல். வயர் ஒன்றுதான், டைம் பேஸ் மாறினால் வேறு சமாசாரம் கண்ணில் படுகிறது. மெதுவான அலையைப் பார்க்கும்போது ஸ்விட்சிங் முட்கள் லெவல் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் படத்தை நடுங்கவைக்கும். ட்ரிகர் கப்ளிங்கில் ஹை ஃப்ரீக்வென்சி ரிஜெக்ட் என்று இருப்பதைப் போடுங்கள், நடுக்கம் அடங்கும். திரையில் முட்கள் அப்படியே இருக்கும், ட்ரிகர் மட்டும் அவற்றைப் பார்க்காது. அல்லது சோர்ஸையே லைனுக்கு (ஸ்கோப்புக்கு வருகிற கரண்டுக்கு) மாற்றுங்கள். அப்போது அசையாமல் நிற்கிற எதுவும் கரண்ட் லைனிலிருந்து வருகிற ஹம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

[திரையில்: அதே அடாப்டர், டைம் பேஸ் 100 மில்லி செகண்ட். மெதுவாக அசையும் ஒரு அழகான அலை.]

கடைசியாக, டைம் பேஸிடம் திரும்புகிறேன் என்றேனே. இந்த அலை பொய். டிஜிட்டல் ஸ்கோப்பின் மெமரியில் 10,000 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். கட்டத்துக்கு 100 மில்லி செகண்ட் என்றால் முழுத்திரை ஒரு நொடி, நொடிக்கு 10,000 சாம்பிள்தான். அதில் பாதி, அதாவது 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் எது வந்தாலும் அதன் வடிவத்தை நம்ப முடியாது. 65 கிலோ ஹெர்ட்ஸ் அலையை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டு, இல்லாத ஒரு மெதுவான அலையை ஸ்கோப் கோத்துக் கொடுத்துவிடும். இதற்குப் பெயர் அலையாசிங். ட்ரிகரால் இதைச் சரிசெய்ய முடியாது, லெவலைத் திருகிப் பயனில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். டைம் பேஸை ஒரு படி வேகமாக்குங்கள். 100இலிருந்து 50க்கு வந்தால் உண்மையான அலை சரியாக இரண்டு மடங்கு விரியும். பொய் அலை முற்றிலும் வேறு உருவம் எடுக்கும், இதோ பாருங்கள், எங்கே போனது அந்த அழகான அலை? அதனால் தெரியாத சிக்னலை வேகமான டைம் பேஸில் ஆரம்பித்து மெதுவுக்கு வாருங்கள். திரையின் மூலையில் சாம்பிள் வேகத்தைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், குமிழைத் திருப்பும்போது அதன்மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

உங்கள் ஸ்கோப்பில் படம் இன்னும் நிற்கவில்லை என்றால் கீழே எழுதுங்கள். வெறுமனே ஓடுகிறது என்று எழுதாமல் என்ன சிக்னல், சோர்ஸ் எந்தச் சேனல், லெவல் எவ்வளவு, மோடு எது, கட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று சேர்த்து எழுதுங்கள். திரையின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.