விட்காத்ஸி நாடகங்களை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

வணக்கம். திரை விலகுது. நீர்க்கோழின்னு பேர் உள்ள பொண்ணு ஒருத்தி நிக்கிறா, எட்கர் அவளைச் சுடுறான். குண்டு பட்ட பிறகும் நாலு வார்த்தை நிதானமா பேசிட்டுத்தான் சாகுறா. பிறகு உயிரோட வந்து நிப்பா, கடைசியில அதே எட்கர் மறுபடியும் சுடுவான். 1921ல எழுதின ‘நீர்க்கோழி’ நாடகம் இது.

எழுதினவர் போலந்து நாடகாசிரியர் ஸ்தானிஸ்வாஃப் இக்னாத்ஸி விட்கியேவிச். அப்பா பேரும் ஸ்தானிஸ்வாஃப் விட்கியேவிச்ங்கிறதால, விட்கியேவிச்சையும் இக்னாத்ஸியையும் ஒட்டி ‘விட்காத்ஸி’ன்னு தனக்கே பேர் வெச்சுக்கிட்டார். 1914ல மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியோட இலங்கை வழியா ஆஸ்திரேலியா போனவர். 1918க்குப் பிறகு எட்டே வருஷத்துல முப்பதுக்கும் மேல நாடகம் எழுதினார். நிறைய தொலைஞ்சு போச்சு. ‘பைத்தியக்கார ரயில் எஞ்சின்’ போலிஷ் மூலமே இல்லாம, பிரெஞ்சு மொழிபெயர்ப்புல இருந்துதான் திரும்ப போலிஷுக்கு வந்துச்சு. 1939 செப்டம்பர் 17 சோவியத் படை போலந்துக்குள்ள வந்துச்சு, மறுநாள் தற்கொலை பண்ணிக்கிட்டார்.

போலந்துல அவரை மீட்டெடுத்ததுல நாடக இயக்குநர் ததேயுஷ் காந்தோருக்குப் பெரிய பங்கு இருக்கு. தன்னோட க்ரிகோ 2 நாடகக் குழுவோட முதல் மேடையேற்றமாவே 1956ல விட்காத்ஸி நாடகத்தைத்தான் போட்டார். இங்கிலீஷ்ல கொண்டுவந்தவர் டேனியல் ஜெரூல்ட், நியூயார்க் சிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர். 1968ல டியூரர்ங்கிறவரோட சேர்ந்து ‘பைத்தியக்காரனும் கன்னியாஸ்திரியும்’ தொகுப்பைக் கொண்டு வந்தார். 2012ல சாகுற வரைக்கும் விட்காத்ஸியை விடவே இல்ல.

ஜெரூல்ட் வேலையோட அருமை தெரியணும்னா விட்காத்ஸி நாடக நாயகன் ஒருத்தனோட பேரை மட்டும் பாருங்க: துமோர் மூஸ்கோவிச். போலிஷ்ல ‘துமோர்’னா கட்டி, ‘மூஸ்க்’னா மூளை. கணித மேதையான அவன் பேர்லயே மூளைக்கட்டி இருக்கு. பேரை அப்படியே விட்டா இங்கிலீஷ் வாசகருக்கு ஒண்ணும் புரியாது, முழுக்க மாத்தினா போலந்து மணம் போயிடும். ஜெரூல்ட் ‘டியூமர் பிரைனியோவிச்’னு வெச்சார். முன்பாதி இங்கிலீஷ், வால் மட்டும் போலிஷ். ரொம்ப அழகான தீர்வு!

முதல்ல ‘பைத்தியக்காரனும் கன்னியாஸ்திரியும்’ படிங்க. மூணு சின்ன அங்கம், ஒரே அறை. கவிஞன் வால்புர்க் பென்சிலால டாக்டரை நெத்திப்பொட்டுல குத்திக் கொல்றான், பிறகு தூக்குல தொங்குறான். பிணம் தரையில கிடக்கும்போதே அவனும் செத்த டாக்டரும் நல்ல உடுப்பு போட்டு உள்ள வர்றாங்க. அடுத்து ‘நீர்க்கோழி’. ‘செருப்புத் தைக்கிறவங்க’ கடைசியில போதும். அதுல அவரே உருவாக்கின வசைச்சொல் குவிஞ்சு கிடக்கு, முதல்லயே எடுத்தா பாதியில வெச்சிடுவீங்க.

மேடையேத்துறவங்க பெரும்பாலும் சறுக்குற இடம், நடிப்பு. கதை விசித்திரமா இருக்குன்னு நடிகர்களும் கண்ணை உருட்டி, கத்தி ஆடுவாங்க. பத்து நிமிஷத்துல பார்க்கிறவங்களுக்கு அலுத்துடும், செத்தவங்க உள்ள வர்றப்போ அதிர்ச்சியே இருக்காது. நடிகர் உணர்ச்சியில மூழ்கக்கூடாது, வசனத்தைத் தெளிவாச் சொல்லணும்னு விட்காத்ஸியே எழுதியிருக்கார். அவரோட ‘தூய வடிவம்’ கொள்கைப்படி, நாடகம் முடிஞ்சு வெளிய வர்றவருக்கு ஏதோ வினோதமான கனவுலேர்ந்து முழிச்ச மாதிரி இருக்கணும். கனவுக்குள்ள யாரும் ஆச்சரியப்படுறதில்லையே! அதனால ஒத்திகையில முதல்ல, டீ கேக்குற அதே குரல்ல எல்லா வசனத்தையும் பேசிப் பாருங்க. செத்தவர் உள்ள வரும்போது மத்தவங்க எவ்வளவு குறைவா அசையறாங்களோ, அரங்கத்துல அவ்வளவு சில்லிடும்.