ஆழம் தெரியாமல் காலை விடாதே

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, தள்ளாத வயதிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் என் ஆசிரியப் பெருந்தகையே, மண்டபத்தை வாடகையின்றித் தந்துதவிய வணிகர் சங்கத்துப் பெரியோரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பார் என் பாட்டி. ஆற்றுக்குச் சொன்ன சொல், நான் செய்யும் மூக்கு அறுவைக்கும் பொருந்துகிறது. மூக்கின் கூரைதான் மூளைக்குத் தரை. அந்தக் கூரை, அதன் பின்னே எலும்புக்குள் இருக்கும் ஸ்பீனாய்டு என்னும் காற்றறை, காதெலும்பு ஆகிய மூன்றும் ஆளுக்கு ஆள் எப்படி மாறுகின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

அந்தக் கூரையில், மோப்ப நரம்புகள் இறங்கும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதன் ஆழத்தை 1962-இல் கேரோஸ் என்பவர் வகைப்படுத்தினார். சிலருக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர், சிலருக்கு 4 முதல் 7, இன்னும் சிலருக்கு 8 முதல் 16. பள்ளம் ஆழமானால் அதன் மெல்லிய பக்கச்சுவரும் உயரமாகும். கருவி அங்கே இடறினால், மூளையைச் சூழ்ந்த நீர் மூக்குவழியே ஒழுகும். ஒரே ஆளுக்கு வலமும் இடமும்கூட ஒத்திருப்பதில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே!

பயிற்சிக் காலத்தில் எனக்குக் கிடைத்தது, உயிரோடிருந்தபோதே உடல் தானத்துக்குத் தன் கைப்பட எழுதிக்கொடுத்த ஓர் ஆசிரியையின் உடல். புத்தகப் படங்களில் ஸ்பீனாய்டு அறையின் தடுப்பு நட்டநடுவில் நிற்கும். அந்த அம்மையாருக்கு அது வலப்புறம் சாய்ந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. இடுக்கியால் பற்றித் திருகினேன். தடுப்போடு ஒரு சில்லு எலும்பும் கையோடு வந்தது. இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாரே என் ஆசிரியர், இவர்தான் மூக்கின் உள்ளே பார்க்கும் குழலான எண்டோஸ்கோப்பை வாங்கிப் பார்த்தார். சில்லு பெயர்ந்த இடத்தில், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோடிட் தமனியின் சுவர் திறந்து கிடந்தது. “உயிருள்ளவராக இருந்தால்?” என்றார். எனக்கு நா எழவில்லை. அந்த அம்மையாரின் நினைவு நாளில் மகன் கல்லூரிக்கு வந்து, “அம்மா பயன்பட்டார்களா?” என்று கேட்டார். “எனக்குப் பாடம் நடத்தினார்கள்” என்றேன். இருவருமே அழுதோம்.

மூன்றாவதான காதெலும்பைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும். சி.டி. ஸ்கேன் ஆழத்தைக் கண்ணுக்குக் காட்டும். கை பழகுவதற்கு உடல் வேண்டும். நம் பிள்ளைகள் முதல் தவற்றை எங்கே செய்யப் போகிறார்கள்? உங்கள் மகளின் அறுவை மேசையிலா? உடல் தானம் செய்யுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். கண்களைத் தானம் செய்த பிறகும் உடலைத் தரலாம்.

படிவங்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. கையெழுத்திடுமுன் வீட்டாரிடம் பேசிவிடுங்கள். நீங்கள் கண்மூடும் அந்த நாளில் கல்லூரிக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.